லேசர் புள்ளி: கைத்துப்பாக்கிக்கு எந்த அளவுக்குத் துணை?

ஒரு வெள்ளைச் சுவர். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு காகிதத் துண்டு. 7 மீட்டர் தள்ளி நின்று, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்ட ஒரு கைத்துப்பாக்கியை அதை நோக்கி நீட்டுகிறோம். (சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, வெற்றுத் துப்பாக்கிக்கும் அதே விதிதான்.) குழலுக்கு அடியில் மாட்டியிருக்கும் லேசரை அழுத்தினால் சிவப்புப் புள்ளி காகிதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைப்போம். உட்காராது. ஈ மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வரும். மூச்சு இழுத்தால் ஒரு பக்கம், விட்டால் இன்னொரு பக்கம். எல்லாம் அடங்கியது போலத் தெரிந்து விசையை இழுக்கும்போது, கடைசிக் கணத்தில் சடக்கென்று கீழே இடது மூலைக்குப் பாயும். வலக்கைக்காரர்களுக்கு அனேகமாக அந்த மூலைதான்.

முதல் தடவை இதைப் பார்ப்பவர் லேசர் சரியில்லை என்பார். லேசரில் கோளாறு இல்லை. கை எப்போதுமே அப்படித்தான் அசைந்துகொண்டிருந்தது, இப்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. துப்பாக்கி கால் டிகிரி திரும்பினாலே 7 மீட்டரில் புள்ளி 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு டிகிரி என்றால் 12 சென்டிமீட்டர். கடைப் படத்தில் அசையாமல் நிற்கிற அந்தச் சிவப்புக் கோடு நிஜக் கையில் கிடைப்பதில்லை.

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் லேசர் தேவையா என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். புள்ளி இருக்கும் இடத்தில் குண்டு போகும், வேறென்ன வேண்டும் என்பது ஒரு கட்சி. விளையாட்டுப் பொருள், குறி பார்க்கத் தெரியாதவனுக்கு ஊன்றுகோல் என்பது இன்னொரு கட்சி. ஊன்றுகோல் என்பதை வசையாக ஏன் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. கால் முறிந்தவருக்கு அது தேவைதானே. எந்தக் கால் எப்போது முறிகிறது என்று பார்த்தால் இந்தச் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வழக்கமான முறையில் குறி பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு பள்ளம், குழலின் நுனியில் ஒரு சின்ன முனை. பள்ளத்தின் நடுவே முனையை நிறுத்தி, அதை இலக்கின் மேல் வைக்க வேண்டும். பள்ளம், முனை, இலக்கு என்று மூன்றும் மூன்று வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். அதனால்தான் பயிற்சியாளர்கள் முனையைப் பார், முனையை மட்டும் பார் என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். முனை கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை.

காகித இலக்கிடம் இது சரி. எதிரே கத்தியோடு ஒருவன் வந்தால், அவனை மங்கலாக்கிவிட்டு ஓர் இரும்பு முனையை உற்றுப் பார் என்று கண்ணிடம் சொன்னால் கேட்காது. பயத்தில் கண் ஆபத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அவன் கையை, கையில் இருப்பதை, முகத்தைப் பார்க்கும். லேசர் இந்த இடத்தில்தான் தன் வேலையைக் காட்டுகிறது. எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அங்கேயே புள்ளியும் இருக்கும். மூன்று தூரம் ஒன்றாகிவிடுகிறது.

நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் அந்த முனை, கண்ணாடி இல்லாமல் வெறும் பஞ்சுருண்டையாகத்தான் தெரியும். நடுராத்திரியில் சத்தம் கேட்டு எழுபவர் முதலில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தூரத்தில் இருக்கும் பொருள் அவருக்குத் தெளிவாகவே தெரியும், அதன் மேல் விழும் புள்ளியும் தெரியும். என் கணக்கில் லேசருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய காரணங்களிலேயே நேர்மையானது இதுதான். விளம்பரங்களில் அதிகம் வராததும் இதுதான்.

அப்புறம், உடம்பு இருக்கும் நிலை. பயிற்சி மைதானத்தில் காலை அகட்டி, இரண்டு கையாலும் பிடித்து, கண் மட்டத்துக்குத் துப்பாக்கியை உயர்த்தி நிற்கிறோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் போலீஸை அழைத்த தொலைபேசியும் மறு கையில் துப்பாக்கியுமாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நிலை வாய்க்காது. கீழே விழுந்து ஒருக்களித்துக் கிடப்பவருக்கும், ஒரு கை அடிபட்டவருக்கும், குழந்தையை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருப்பவருக்கும் அதே கதிதான். துப்பாக்கி கண்ணுக்கு நேராக வராத நேரங்களில் பள்ளமும் முனையும் உதவாது. லேசருக்குக் கண் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. இடுப்பருகே பிடித்திருந்தாலும் புள்ளி தன் இடத்தைச் சொல்லும்.

சட்டைப்பையில் போடும் அளவுள்ள ஐந்து குண்டு ரிவால்வர்களைப் பார்த்தால் இது இன்னும் பொருந்தும். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. பின்பக்கக் குறி என்று தனியாக எதுவும் இருக்காது, உடலின் மேல் ஒரு கோடு கீறியிருப்பார்கள், அவ்வளவுதான். விசையை இழுக்க ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் தேவை, துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்கு. இழுக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் நெளியும். லேசர் உள்ளடங்கிய கைப்பிடியை மாட்டினால் கைமேல் பலன் தெரிகிற துப்பாக்கி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்தப் பொருள் இவ்வளவு சிறிதாவதற்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை ஒளிரவைத்தார். துப்பாக்கியின் மேல் ஏறிய தொடக்கக் கால லேசர்கள் ஹீலியம்-நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். தடியான குழாய், அதை ஒளிரவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம். 1984இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் இயந்திர மனிதன் லேசர் பிஸ்டலோடு திரிவான். அந்த லேசருக்கான மின்சாரம் நடிகரின் உடைக்குள் ஒளித்துவைத்த பேட்டரியிலிருந்து கம்பி வழியாக வந்தது. பார்த்தவர்கள் மனதில் அந்தச் சிவப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டது. பேட்டரிப் பொட்டலம் யார் கண்ணிலும் படவில்லை. அரிசிமணியைவிடச் சிறிய குறைகடத்தி டையோடுகள் மலிவானபோதுதான் லேசர் துப்பாக்கியின் பிடிக்குள்ளேயே புகுந்தது. 1994இல் தொடங்கிய கிரிம்சன் டிரேஸ் நிறுவனம் பிடியோடு சேர்ந்த லேசர்களால் பேர் வாங்கியது. 2016இல் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை 9.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். பகலில் லேசர் தெரியாது என்பார்கள். எவ்வளவு தெரியாது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க விதிப்படி இந்த லேசர்களுக்கு உச்சவரம்பு 5 மில்லிவாட். துப்பாக்கி லேசர்கள் பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே இருக்கும். 635 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை, 7 மீட்டரில் 1 சென்டிமீட்டர் அகலப் புள்ளியாக விழுத்தினால், அந்த இடத்தின் ஒளிச்செறிவு 9,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) சொச்சம் வரும். வீட்டு அறையில் சுவரின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், ஆக, புள்ளி கண்ணைப் பறிக்கும். நண்பகல் வெயிலோ 1,00,000 லக்ஸ். அதன் மேல் 9,000 என்றால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலக்கும் நகர்ந்துகொண்டிருந்தால் கண் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

பச்சை லேசர் ஏன் விலை அதிகம், ஏன் பலர் அதைக் கேட்கிறார்கள் என்பதற்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. பகலில் மனிதக் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையைத்தான் மிகக் கூர்மையாக உணரும். அதே 5 மில்லிவாட்டை 532 நானோமீட்டர் பச்சையாகக் கொடுத்தால் கண்ணுக்கு நான்கு மடங்கு பிரகாசம். லக்ஸ் கணக்கில் 38,000 பக்கம் வரும். உச்சி வெயிலை இதுவும் ஜெயிக்காது, ஆனால் மர நிழலிலும் மேகமூட்டத்திலும் நன்றாகத் தெரியும். சிவப்பைச் சரியாக உணராத வகை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு சிவப்புப் புள்ளி இன்னும் மங்கும், அவர்கள் பச்சைக்குப் போவதே மேல். பழைய பச்சை லேசர்களில் ஒரு தொல்லை இருந்தது. அகச்சிவப்பு ஒளியை ஒரு படிகத்தில் செலுத்தி, அதிலிருந்து வரும் ஒளியின் அலைநீளத்தை இன்னொரு படிகத்தில் பாதியாக்கித்தான் அந்தப் பச்சை கிடைத்தது. கடுங்குளிரில் மங்கும், மின்சாரத்தை விழுங்கும். 520 நானோமீட்டர் அளவில் நேரடியாகப் பச்சை ஒளி தரும் டையோடுகள் வந்த பிறகு அந்தக் குறை பெரிதும் போய்விட்டது. பேட்டரி மட்டும் சிவப்பைவிடச் சீக்கிரம் தீரும்.

லேசரும் குழலும் ஒரே கோட்டில் இல்லையே, அதனால் குறி தப்பாதா என்று ஒரு சந்தேகம் வரும். லேசர் குழலுக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, இரண்டும் 7 மீட்டரில் சந்திக்கும்படி திருகி வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே படும், 14 மீட்டரில் 3 சென்டிமீட்டரும் சொச்சமும் கீழே. தற்காப்பு நடக்கும் தூரங்களில் இது ஒரு பிரச்சினையே இல்லை, கை நடுக்கம் இதைவிடப் பெரிது. கவலைப்பட வேண்டியது வேறு. திருகி வைத்தது திருகிய இடத்திலேயே இருக்கிறதா? துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் லேசர் உதை வாங்குகிறது. கீழே ஒரு முறை விழுந்தால் போதும். மிளகைவிடச் சின்னதாக இருக்கும் இரண்டு திருகாணிகள்தான் மொத்தத்தையும் பிடித்திருக்கின்றன. போன வருஷம் சரிபார்த்தது இந்த வருஷமும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

போடுவதும் அணைப்பதும் எப்படி என்பதை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. பிடியின் முன்பக்கம் நடுவிரல் படும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டன் இருந்து, இறுகப் பிடித்தாலே லேசர் எரியும் என்றால் யோசிக்க எதுவும் இல்லை. விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டனைத் தேடி அழுத்தித்தான் எரியவைக்க வேண்டும் என்றால், பதற்றத்தில் விரல் அதை மறந்துவிடும். பிடியோடு வரும் வகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. பலவற்றில் லேசர் வெளிவரும் துளை பிடியின் வலது பக்கம் மேலே இருக்கும். சுட வேண்டிய கணம் வரும்வரை விரலை விசையின் மேல் வைக்காமல் துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டி வைக்க வேண்டும் என்பது பாலபாடம். வலக்கைக்காரர் அப்படி ஒழுங்காக நீட்டினால் அந்த விரலே துளையை மறைத்துவிடும், புள்ளி தெரியாது. புள்ளியைப் பார்ப்பதற்காக விரலை இறக்கி விசையின் மேல் வைப்பவர்களும் உண்டு. ஆபத்தான பழக்கம். விரலைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துப் பழகிக்கொள்ளலாம், அதற்கும் பயிற்சி வேண்டும்.

புள்ளிக்குப் பின்னால் ஓடுவது அடுத்த வியாதி. புள்ளி இலக்கின் நடுவைத் தாண்டும் கணத்தில் 'இதோ, இப்போது' என்று விசையைப் பிடுங்குவார்கள், குண்டு வேறெங்கோ போகும். நடுக்கத்தை ஒத்துக்கொண்டு, புள்ளி ஆடுகிற வட்டம் முழுவதும் இலக்குக்குள் இருந்தால் போதும் என்று விசையை மெதுவாக, நேராக இழுப்பதுதான் முறை. இன்னொரு வகையினர் துப்பாக்கியை எடுத்ததும் புள்ளி எங்கே, புள்ளி எங்கே என்று தேடுவார்கள். கறுப்புத் துணி அதை விழுங்கியிருக்கலாம். இலக்கைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரில் விழுந்திருக்கலாம். பேட்டரியே தீர்ந்திருக்கலாம். தேடிக்கொண்டே நிற்கும் அந்த இரண்டு விநாடிக்குள் கண் மட்டத்துக்குத் துப்பாக்கியை உயர்த்தி இரும்புக் குறியைப் பார்த்திருக்க முடியும்.

இனி, பலர் லேசர் வாங்கும் உண்மையான காரணத்துக்கு வருவோம்: நெஞ்சில் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் வந்தவன் பயந்து ஓடிவிடுவான், சுடவே வேண்டியிருக்காது. முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டன் போலீஸார் டேசர் என்னும் மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறார்கள். சுடாமல் ஆள் மேல் லேசர் புள்ளியை மட்டும் வைத்ததற்கு 'ரெட் டாட்' என்றே ஒரு தனி வகை அந்தப் பதிவில் உண்டு. டேசரை வெளியே எடுத்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை சுடாமலேயே முடிகின்றன. ஆனால் அங்கே சீருடை போட்ட அதிகாரி இருக்கிறார், மஞ்சள் நிறக் கருவி இருக்கிறது, உரத்த குரலில் எச்சரிக்கை இருக்கிறது, பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். பயந்தது எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டு வீட்டுக்குள் ஓடிவருபவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்ப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? போதையில் இருப்பவன் பார்த்தாலும் அது என்னவென்று அவனுக்குப் புரிய வேண்டுமே. பயப்படுகிறவன் துப்பாக்கியைப் பார்த்தே பயப்படுவான். அதோடு, ஒருவர் மேல் துப்பாக்கியை நீட்டுவதே பல நாடுகளின் சட்டத்தில் கடுமையான செயல். 'மிரட்டத்தான் புள்ளி வைத்தேன்' என்பது நீதிமன்றத்தில் தற்காப்பாக நிற்பதற்குப் பதில் குற்றச்சாட்டாகத் திரும்பவும் கூடும்.

லேசர் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் ஓரளவு மிகைதான். சாதாரணக் காற்றில் கதிர் கண்ணுக்குத் தெரியாது, புள்ளி மட்டுமே தெரியும். புகை, தூசி, மூடுபனி இருந்தால் கோடாகத் தெரியும், பச்சை இன்னும் அதிகமாக. தேவைப்படும்போது மட்டும் அழுத்தி எரியவைத்தால் போதும்.

நடுராத்திரிக் கதைக்கே திரும்புவோம், ஏனென்றால் லேசரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் மிக முக்கியமானது அங்கே இருக்கிறது. நடையில் ஒரு நிழல். புள்ளி அதன் நடுவில் நிற்கிறது. குண்டு எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது. நிழல் யார்? தண்ணீர் குடிக்க எழுந்த மகனா, சொல்லாமல் ஊரிலிருந்து வந்த தம்பியா? இந்தக் கேள்விக்கு 5 மில்லிவாட் புள்ளியிடம் பதில் கிடையாது. டார்ச் வெளிச்சம்தான் பதில் சொல்லும், அல்லது சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்ச். லேசருக்குக் காசு செலவழித்துவிட்டு நல்ல டார்ச் வாங்காதவர் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டார் என்றே சொல்வேன். டார்ச்சையும் துப்பாக்கியிலேயே மாட்டிவிட்டால், வெளிச்சம் காட்டுவதற்காக வீட்டு ஆள் மேலேயே துப்பாக்கியை நீட்ட வேண்டிவரும். இன்னொரு கையில் தனியாக ஒரு டார்ச் இருப்பது நல்லது.

கடந்த சில ஆண்டுகளில் லேசருக்குப் போட்டியாக வந்திருப்பது, துப்பாக்கியின் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) மேல் சின்னக் கண்ணாடிச் சில்லாக நிற்கும் 'ரெட் டாட்' குறி. பேர் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. புள்ளி இலக்கின் மேல் விழாது, கண்ணாடிக்குள் மிதக்கும், சுடுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். இதிலும் கண்ணை இலக்கின் மேலேயே வைத்திருக்கலாம், வெயிலிலும் தெரியும். அமெரிக்க ராணுவம் 2017இல் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டலிலேயே இதை மாட்ட இடம் விட்டிருக்கிறார்கள். பயிற்சியாளர்களின் பேச்சு இப்போது பெரும்பாலும் இதைப் பற்றித்தான், லேசர் பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் இதற்குத் துப்பாக்கி கண்ணுக்கு நேரே வந்தாக வேண்டும். கட்டிலுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடப்பவருக்கு இதுவும் இரும்புக் குறியும் ஒன்றுதான். சட்டைப்பை ரிவால்வர்களில் இதை மாட்ட இடமும் பெரும்பாலும் கிடையாது.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். 1995இல் வந்த சர்வதேச நெறிமுறை ஒன்று, பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதற்கென்றே வடிவமைத்த லேசர் ஆயுதங்களைத் தடை செய்கிறது. குறி பார்க்கும் லேசர்கள் அதில் சேராது. ஆனாலும் 5 மில்லிவாட் ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விழித்திரைக்குக் கேடு. கண்ணாடி அலமாரியிலும் பளிங்குத் தரையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அப்படியே. பூனைக்கு விளையாட்டுக் காட்டலாம் என்று யாருக்காவது தோன்றினால், அந்த லேசர் எதன் மேல் மாட்டியிருக்கிறது என்பதை ஞாபகப்படுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் லேசர் வாங்கினால் அதிகப் பலன் எங்கே கிடைக்கும் என்றால், முதலில் பார்த்த அந்த வெள்ளைச் சுவரில்தான். தோட்டா செலவில்லை, சத்தமில்லை. விசையை இழுக்கும்போது புள்ளி எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்தாலே விரல் என்ன தப்புச் செய்கிறது என்று தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்கு இடது கீழே பாய்ந்தால் விசையோடு சேர்த்து மொத்தக் கையையும் இறுக்குகிறார். வெறுமனே இடது பக்கம் தள்ளினால் அனேகமாக விரல் நுனியின் மிகச் சின்னப் பகுதியால் விசையைத் தள்ளுகிறார். மேலே எகிறினால் வெடிப்பை எதிர்பார்த்து மணிக்கட்டை முன்கூட்டியே தூக்குகிறார். பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் இதெல்லாம் தெரியும். சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும் விஷயத்தைப் புள்ளி அரை நிமிஷத்தில் காட்டிவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் லேசரோடு. அடுத்த ஐந்து நிமிடம் அதை அணைத்துவிட்டு, இரும்புக் குறியை மட்டும் பார்த்து அதே விசையை இழுப்பது. விசை விழும் நொடியில் மட்டும் லேசரை ஒரு முறை அழுத்தி, துப்பாக்கி எங்கே நிற்கிறது என்று சரிபார்ப்பது. லேசரின் துளையில் சட்டைப் பஞ்சும் துப்பாக்கி எண்ணெயும் படிந்திருந்தால் புள்ளி மங்கலாக, வால் முளைத்தது போலத் தெரியும். காதைச் சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். பேட்டரியை மாற்றிய தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, துப்பாக்கிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைக்கலாம். சில மாடல்களில் பேட்டரியை மாற்ற லேசரையே கழற்ற வேண்டியிருக்கும். அப்படிக் கழற்றி மாட்டினால் மறுபடி மைதானத்துக்குப் போய், 7 மீட்டரில் நாலைந்து குண்டு சுட்டு, அந்த மிளகளவு திருகாணிகளைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.